தலைக்குத் தடவின எண்ணெய் சட்டிக்கு வந்த கதை



நம்ம தெருவில் யாராவது தேங்காய் எண்ணெயில் தாளித்தால் நாலு வீட்டுக்குத் தெரிஞ்சிடும். "என்னக்கா, இன்னைக்கு மலையாளத்தார் சமையலா?" என்று கேட்பாங்க. தேங்காய்ச் சட்னி இல்லாமல் நமக்கு இட்லி இறங்காது. மீன் குழம்புக்குத் தேங்காய் அரைச்சு ஊத்துறோம். பண்டிகைக்குத் தேங்காய் பர்பி கிண்டுறோம். ஆனால் அதே தேங்காயில் இருந்து வரும் எண்ணெயை மட்டும் தலைக்குன்னு ஒதுக்கி வச்சிட்டோம். கன்னியாகுமரியில் அதில்தான் சமைக்கிறாங்க. இலங்கையிலும் அப்படித்தான். நம்ம ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்தில் மட்டும் ஏன் இப்படி?

குழுக்களில் மரச்செக்கு எண்ணெய் தொழில் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வருது. இதுக்குப் பதில் தேடிப் போனால் நம்ம ஊர் வரலாறே கூட வருகிறது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

எள்ளில் தொடங்கிய கதை

'எண்ணெய்' என்ற சொல்லைப் பிரிச்சுப் பாருங்க. எள் + நெய். எள்ளில் இருந்து எடுத்த நெய்தான் எண்ணெய். அப்புறம் வந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பேரையே வச்சுட்டோம். தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், மண்ணெண்ணெய்கூட அப்படி வந்த பேருதான். இதிலிருந்தே தெரியும், தமிழ்நாட்டுச் செக்கில் முதலில் ஆடினது எள்ளுதான். மழை குறைஞ்ச மேட்டு நிலத்திலும் எள்ளு விளையும். தென்னைக்கு வருஷம் முழுக்கத் தண்ணி வேணும். அதனால் நம்ம பக்கம் சட்டியில் நல்லெண்ணெய் நின்னது.

செக்குத் தொழிலுக்கும் திருவொற்றியூருக்கும் ரொம்பப் பழைய சொந்தம். பெரியபுராணத்தில் வரும் கலிய நாயனார் நம்ம திருவொற்றியூர் சக்கரப்பாடித் தெருக்காரர். செக்கு வணிகர் குலம். நல்ல வசதியோடு இருந்தவர். ஒற்றியூர் கோயிலில் இரவும் பகலும் விளக்கு எரிப்பதே அவர் செய்த தொண்டு. நாளாக ஆக செல்வம் எல்லாம் கரைஞ்சு போச்சு. சொந்தக்காரங்க கிட்ட எண்ணெய் வாங்கி விற்று அந்தக் கூலியில் விளக்கு போட்டார். அவங்களும் கொடுக்கறதை நிறுத்தினதும் மற்றவங்க செக்கில் கூலிக்கு ஆட்டினார். அந்த வேலையும் குறைஞ்சது. வீட்டையும் பொருளையும் வித்தார். கடைசியில் விற்க ஒன்றும் இல்லாமல் மனைவியை விற்கக் கிளம்பினார். வாங்க யாரும் வரவில்லை. அப்புறம்தான் தன் ரத்தத்தையே எண்ணெயாக ஊற்றக் கழுத்தை அரியத் துணிந்தார், இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்று கதை. ஆடி மாசம் கேட்டை நட்சத்திரத்தில் அவருக்குக் குருபூஜை.

அவர் பக்தியைப் பற்றி நாம பேச ஒன்றும் இல்லை. ஆனால் பொம்பளைங்க நாம படிக்கும்போது ஒரு இடத்தில் மனசு நின்னுடுது. அந்த அம்மாவின் பேர் கதையில் வரவில்லை. அவங்க என்ன சொன்னாங்கன்னும் இல்லை. எண்ணெய் வாங்கக் காசு இல்லை என்றதும் அவங்களுக்கும் ஒரு விலை வந்துடுச்சு. காலம் மாறிப் போச்சு. ஆனால் மாசக் கடைசியில் எண்ணெய் டின் காலியானால் அதுக்கு வழி பார்க்க வேண்டியது இன்னைக்கும் வீட்டில் இருக்கிற பொம்பளைதான்.

கப்பலுக்கு வெளிச்சம் காட்டின தேங்காய் எண்ணெய்

நம்ம ஊரில் தேங்காய் எண்ணெய் இல்லாமல் இல்லை. அது அடுப்புக்குப் பதிலாக விளக்குக்குப் போனது. சென்னையின் முதல் கலங்கரை விளக்கம் 1796-ல் கோட்டைக்குள்ளே, இப்போ மியூசியமாக இருக்கும் கட்டடத்தின் மேல் ஏற்றப்பட்டது. அந்தப் பெரிய லாந்தரில் எரிந்தது தேங்காய் எண்ணெய்த் திரிகள். நம்ம கடலுக்கு வந்த கப்பல்களுக்கு ராத்திரியில் கரையைக் காட்டினது தேங்காய் எண்ணெய்தான்.

பிறகு மண்ணெண்ணெய் வந்தது. விளக்கு அதுக்கு மாறிப் போச்சு. அதுக்குள்ளே தேங்காய் எண்ணெய்க்கு வேறொரு பெரிய கிராக்கி வந்திருந்தது. அது சோப்பு. தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு நல்லா நுரைக்கும், உப்புத் தண்ணியிலும் நுரை வரும். அதனால் கொப்பரை கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போனது. 1917-ல் டாடா ஆயில் மில்ஸ் கம்பெனி தொடங்கி, எர்ணாகுளத்தில் கொப்பரை ஆட்டும் ஆலை நடத்தினாங்க. சோப்போடு நிற்காமல் 'கோகோஜெம்' என்ற பேரில் சமையலுக்கும் தேங்காய்க் கொழுப்பை டின்னில் அடைச்சு விற்றாங்க. ஆனாலும் நம்ம பக்கத்துச் சட்டியில் அது பிடிக்கவில்லை.

தேங்காய் வந்த வழிகள்

எண்ணெயாக வராத தேங்காய் வேற வழியில் நம்ம ஊர் சமையலுக்குள் வந்தது. அதைக் கொண்டு வந்தவங்க எல்லாம் பிழைப்புத் தேடியோ, ஊரை விட்டுட்டோ வந்த ஜனங்கள்.

1856-ல் ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் விட்டாங்க. ரயில்வே வேலையோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ராயபுரத்திலும் பெரம்பூரிலும் நிறைய குடியேறினாங்க. மஞ்சள் போட்டுத் தேங்காய்ப்பாலில் வேக வைக்கும் சோறும் கோளா உருண்டைக் குழம்பும் அவங்க வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. கிறிஸ்துமஸ் வந்தால் கல்கல், அச்சு முறுக்கு. ரெண்டுக்கும் மாவு தேங்காய்ப்பாலில்தான் பிசைவாங்க, கரைப்பாங்க. இன்னைக்கு ராயபுரத்தில் எந்த மதத்துக்காரர் வீட்டிலும் அச்சு முறுக்கு உண்டு.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிட்டதும் நம்ம தமிழ் ஜனங்கள் கையில் இருந்ததை விட்டுட்டுக் கப்பல் ஏறி சென்னைத் துறைமுகத்தில் இறங்கினாங்க. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியமர்ந்தாங்க. 1969-ல் பீச் ஸ்டேஷன் எதிரில் பர்மா பஜார் வந்தது. அத்தோவும் பேஜோவும் அவங்க தந்ததுதான். தேங்காய்ப்பால் ஊத்தின கவ்சுவேயும் அவங்க கையால் வந்ததுதான்.

1948-ல் தொடங்கின அசோக் மோட்டார்ஸ் எண்ணூருக்கு வந்தது. பின்னால் அதுதான் அசோக் லேலண்ட். திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகத் தொடங்கினது எம்.ஆர்.எஃப். இந்த மாதிரி கம்பெனிகள் வளர வளர கேரளத்தில் இருந்தும் வேலைக்கு வந்து குடும்பத்தோடு தங்கினாங்க. அவங்க வீட்டில்தான் நம்ம தெருக்கள் தேங்காய் எண்ணெய் தாளிப்பு வாசனையைப் பார்த்தது. 1990-க்குப் பிறகு கும்மிடிப்பூண்டி, புழல் முகாம்களுக்கு வந்த இலங்கைத் தமிழ்ச் சகோதரிகளும் தேங்காய்ப்பால் சொதியோடும் தேங்காய் எண்ணெயோடும்தான் வந்தாங்க.

ஆக, அது நமக்குத் தெரியாத சாமான் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது. நம்ம வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்றால், நம்ம சட்டியை அதற்குள் வேறு எண்ணெய்கள் பிடிச்சுக்கிச்சு.

மல்லாட்டை, டால்டா, பாமாயில்

முதலில் பிடித்தது வேர்க்கடலை. அது நம்ம நாட்டுப் பயிர் இல்லை. தென் அமெரிக்காவில் பிறந்தது. தென்னாற்காடு பக்கத்தில் 'மல்லாட்டை' என்பாங்க. 'மணிலாக் கொட்டை' என்பதுதான் தேய்ஞ்சு அப்படி ஆச்சு. பேரிலேயே அது கடல் கடந்து வந்த கதை இருக்கு. 19-ம் நூற்றாண்டில் தென்னாற்காட்டில் நிறையப் பயிராகி, பாண்டிச்சேரி வழியாக பிரான்சு நாட்டு எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. நம்ம ஊர் செக்கிலும் ஏறியது. நல்லெண்ணெயை விட விலை சரசமாக இருந்ததால் பலகாரம் எல்லாம் கடலை எண்ணெய்க்கு மாறியது.

1937-ல் டால்டா வந்தது. எண்ணெயை இறுக வச்சு நெய் மாதிரி ஆக்கின வனஸ்பதி. பிரியாணிக்கும் கேக்குக்கும் பப்ஸுக்கும் டால்டாதான். பனைமரம் போட்ட அந்த மஞ்சள் டப்பா காலியானதும் அரிசி அளக்கவும் துளசிச் செடி வைக்கவும் பயன்பட்டதை நம்ம ஆயாமாரைக் கேட்டால் சொல்வாங்க. அதில் இருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குக் கெடுதல் என்று ரொம்பக் காலம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. 2022 ஜனவரியில் இருந்து எந்த எண்ணெயிலும் வனஸ்பதியிலும் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாதுன்னு சட்டமே வந்துடுச்சு.

1994-ல் பாமாயில் இறக்குமதியைத் தாராளமாக்கினாங்க. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்து, 60 பேருக்கு மேல் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் சில்லறை எண்ணெய் மேல் பயம் வந்து, பாக்கெட் எண்ணெயும் டிவி விளம்பர ரீஃபைண்டு ஆயிலும் வீட்டுக்கு வீடு வந்தது. 2007-ல் தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் சிறப்பு விநியோகமாகப் பருப்போடு பாமாயிலும் கொடுக்க ஆரம்பிச்சாங்க. இப்போ ஒரு கார்டுக்கு மாசம் 1 லிட்டர், 25 ரூபாய். இந்த 25 ரூபாய் எண்ணெய் இல்லை என்றால் பல வீட்டில் பிள்ளைகளுக்கு அப்பளம்கூடப் பொரிக்க முடியாது. அதை நான் குறைச்சுச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். எண்ணூர்க்காரங்களுக்கு எண்ணெய்க் கப்பல்னு சொன்னால் 2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதிக் கடலில் கொட்டினதுதான் ஞாபகம் வரும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் மிதந்ததும் மறக்காது. அந்த எண்ணெய் கொட்டினால் வலையும் படகும் கறுப்பாகி ஊருக்கே தெரியும். சமையல் எண்ணெயும் கப்பலில்தான் நம்ம துறைமுகத்துக்கு வருது. அது நம்ம கண்ணில் படுவதில்லை. நாட்டில் செலவாகும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வருது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவில் இருந்து. சூரியகாந்தி எண்ணெய் பெரும்பாலும் உக்ரைன், ரஷ்யாவில் இருந்து. 2022-ல் அங்கே சண்டை வந்ததும் இங்கே பஜ்ஜிக் கடை அக்காவுக்கு டின் விலை ஏறியது. அதே வருஷம் ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூணு வாரத்துக்கு மேல் நிறுத்தியது. அப்போ பஜ்ஜி சின்னதாச்சு, விலை அப்படியே இருந்தது. நஷ்டம் யாருக்குன்னு நமக்குத் தெரியும்.

பச்சைப் புள்ளி போட்ட தலை எண்ணெய்

இப்போ தேங்காய் எண்ணெய்க்கு வருவோம். கடையில் நீங்க தலைக்குன்னு வாங்கும் நீலக் குப்பியைத் திருப்பிப் பாருங்க. சுத்தமான தேங்காய் எண்ணெய் என்றால் சாப்பாட்டுச் சாமானுக்குப் போடும் பச்சைப் புள்ளியும் உணவுத்துறை உரிம எண்ணும் அதில் இருக்கும். அது சமையல் எண்ணெயாகத்தான் விற்கப்படுகிறது. இதுக்கு ஒரு வரிக் கதை உண்டு. ஜி.எஸ்.டி. வந்தப்போ சமையல் எண்ணெய்க்கு 5 சதவீதம், தலைமுடி எண்ணெய்க்கு 18 சதவீதம். அதுக்கு முன்னாடி கலால் வரி இருந்த காலத்திலேயே, சின்னக் குப்பியில் அடைச்சால் அது தலை எண்ணெய் என்றது வரித்துறை. இல்லை, சமையல் எண்ணெய் என்றன கம்பெனிகள். பல வருஷம் நடந்த வழக்கில் 2024 டிசம்பர் 18-ல் உச்ச நீதிமன்றம், குப்பி சின்னது என்பதால் மட்டும் அது தலை எண்ணெய் ஆகிவிடாது என்று தீர்ப்பு சொல்லியது. 2025 செப்டம்பரில் தலை எண்ணெய் வரியையும் 5 சதவீதமாகக் குறைச்சுட்டாங்க.

நம்ம நாட்டிலேயே விளையும் எண்ணெய் இது. பொள்ளாச்சியில் தோப்பு இருக்கு, காங்கேயத்தில் கொப்பரைக் களமும் ஆலையும் இருக்கு. ரேஷனில் பாமாயிலுக்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் கொடுங்கன்னு தென்னை விவசாயிகள் பல வருஷமாகப் போராடுறாங்க. அவங்க கேட்பது நியாயம். ஆனால் விலை? 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போச்சு. 25 ரூபாய்க்கும் 400 ரூபாய்க்கும் நடுவில் நிற்பது நம்ம மணிபர்ஸ்.

அடுப்பில் அது எப்படி நடந்துக்கும்

அதனால் எல்லோரும் தேங்காய் எண்ணெய்க்கு மாறுங்கன்னு நான் சொல்ல வரவில்லை. அதில் 90 சதவீதம் அளவுக்குப் பூரிதக் கொழுப்பு. 2017-ல் அமெரிக்க இருதயச் சங்கம் இதைக் காரணம் காட்டி வேண்டாம் என்றே சொல்லியது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது, எந்த எண்ணெயானாலும் அளவைக் குறைங்க, ஒரே எண்ணெயைப் பிடிச்சுக்காமல் மாத்தி மாத்திப் பயன்படுத்துங்க என்பது. நம்ம ஆயா வீட்டில் குழம்புக்கு நல்லெண்ணெய், பலகாரத்துக்குக் கடலை எண்ணெய் என்று தனித்தனியாக வச்சிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். அவியல், கூட்டு, கீரை, நெத்திலி வறுவல் இதுக்கெல்லாம் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் போதும். வாசனையே பாதி வேலையைச் செஞ்சிடும்.

செக்கில் ஆட்டின தேங்காய் எண்ணெய் 175 டிகிரி சூடு சுமாருக்கே புகைய ஆரம்பிக்கும். அதனால் வெடிக்க விட்டுப் பொரிக்கக் கூடாது. மிதமான தீ போதும். கடை போட்டிருக்கும் சகோதரிகள் இதையும் மனசில் வைங்க. எந்த எண்ணெயையும் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கெட்ட பொருள்கள் சேரும். அது 25 சதவீதம் தாண்டின எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018-ல் இருந்து உணவுத்துறை விதி. கறுத்துப் போய், நுரை கட்டி, பிசுபிசுப்பானால் அது முடிஞ்ச எண்ணெய். புது எண்ணெய் கலந்து அதைச் சரிக்கட்ட முடியாது.

கேக் செய்யும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணி இருக்கு. எண்ணெயில் இல்லை. அதனால் 100 கிராம் வெண்ணெய் இடத்தில் 80 கிராம் தேங்காய் எண்ணெய் போட்டு, ஒன்று ரெண்டு கரண்டி பால் சேர்த்தால் சரியா வரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைஞ்சிடும். மார்கழியில் குப்பியில் வெள்ளையாக நிற்பது அதனால்தான். உருக்கின எண்ணெயில் ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாலையும் முட்டையையும் ஊத்தினால் திரிதிரியாப் போகும். எல்லாம் வெளிச் சூட்டில் இருக்கணும். வனஸ்பதிக்குப் பதிலாக இதில் கேக்கும் பிஸ்கெட்டும் செய்யலாம். ராயபுரத்துக் கல்கல் மாவில் தேங்காய்ப்பால் ஏற்கனவே இருப்பதால், தேங்காய் எண்ணெயில் பொரித்தால் அந்த வாசனை இன்னும் எடுப்பாக இருக்கும்.

செக்கு வைக்கும் முன்

செக்கு எண்ணெய் தொழிலுக்கு நினைக்கும் குழுக்கள் முதலில் கணக்கைப் போடணும். 10 கிலோ கொப்பரை ஆட்டினால் 6 கிலோ எண்ணெய் கிடைக்கும். அது 6½ லிட்டர் சுமார். கொப்பரை கிலோ 200 ரூபாய் என்று வச்சால் 2000 ரூபாய் முதலுக்கு 6½ லிட்டர். ஒரு லிட்டருக்குக் கொப்பரை மட்டுமே 300 ரூபாய்க்கு மேல். புண்ணாக்கு விற்று வருவது கரண்டுக்கும் கூலிக்கும் குப்பிக்கும் போகும். சுருக்கமாகச் சொன்னால், லிட்டர் எண்ணெய் விலை கிலோ கொப்பரை விலையில் ஒன்றரை மடங்குக்குக் கீழே வராது. அதுக்குக் கீழே யாராவது 'மரச்செக்கு தேங்காய் எண்ணெய்' விற்றால் என்ன கலந்திருக்குன்னு கேளுங்க. வாங்கும்போதும் இதே கணக்கு உதவும். கண்ணாடி டம்ளரில் ஊத்தி ஃபிரிட்ஜில் வச்சுப் பாருங்க. உறையாமல் தனியாக ஒரு படலம் நின்னால் கலப்படம். முழுசும் உறைஞ்சால் மட்டும் சுத்தம்னு முடிவு பண்ணிடாதீங்க, உறையும் வேறு எண்ணெயும் உண்டு.

கொப்பரையைப் பார்த்து வாங்கணும். பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கந்தகப் புகை போடுவதும் உண்டு. அதைச் சமையலுக்கு ஆட்டக் கூடாது. சில்லறையாக ஊத்தி விற்கவும் கூடாது. உணவுத்துறைப் பதிவு எடுத்து, அடைச்சு, தேதி போட்டு விற்கணும்.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்று பெரியவங்க சொன்னாங்க. அப்போ வாணியர் நம்ம தெருவிலேயே இருந்தார், எள்ளைக் கண்ணால் பார்த்து ஆட்டி வாங்கினோம். அப்புறம் எந்த எண்ணெயில் சமைக்கணும்னு ஆலையும் விளம்பரமும் கப்பலும் முடிவு பண்ணிச்சு. கரண்டி நம்ம கையில் இருந்தும் முடிவு நம்ம கையில் இல்லை. இன்னைக்கு நம்ம கையில் சேமிப்பு இருக்கு, கடன் வாங்கிக் கட்டின பழக்கம் இருக்கு, கணக்கு எழுதத் தெரியும். ஒரே ஒரு குழுவால் செக்கு வைக்க முடியாவிட்டாலும் பத்துக் குழு சேர்ந்து காங்கேயத்தில் இருந்து கொப்பரை மொத்தமாக எடுக்க முடியும். அல்லது மற்ற மாவட்டக் குழு ஆட்டின எண்ணெயை நம்ம கூட்டமைப்பு வாங்கி, லாபம் குறைச்சு உறுப்பினர்களுக்குக் கொடுக்க முடியும். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் அவங்க வீட்டில் மாசம் எந்த எண்ணெய், எத்தனை லிட்டர், எவ்வளவு ரூபாய் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு வாங்க. அந்தச் சீட்டுகளைக் கூட்டினால் நம்ம கூட்டமைப்பு எவ்வளவு பெரிய எண்ணெய் வியாபாரி என்று நமக்கே தெரியும். பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.